பலகையின் முதுகைப் பாருங்கள்

மரக்காலை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: கொட்டேஜ் சுவருக்கு உருண்டை மரம் அடுக்கினது மாதிரித் தோற்றம் தருகிற லொக் சைடிங். ஆகவே கதவு, யன்னல் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணை, ஒன்ராறியோவில் மின்டன் ஊருக்கு வடக்கே காணி ஒன்று வாங்கியிருக்கிறோம். வெள்ளைப் பைன் நிறைய நிற்கிறது. 16க்கு 20 அடியில் சின்னதாக ஒரு கபின் கட்டப்போகிறோம். மச்சான் ட்ரெய்லரில் இழுத்துப்போகிற பாண்ட் சோ மில் (நாடா வாளால் குற்றி அரிகிற இயந்திரம்) ஒன்று பழசாக வாங்கி வைத்திருக்கிறார். லொக் சைடிங்குக்குக் கடையில் விலை கேட்டோம், கட்டாது. நாங்களே அரிந்து எடுக்கலாமா? எத்தனை மரம் தறிக்கவேண்டும்?
– ஸ்காபுறோ வாசகர்

அரியலாம் தம்பி, வடிவாக அரியலாம். மில்லை இயக்க முன் ஒரு கொப்பித் தாளில் 10 அங்குல வட்டம் ஒன்றைச் சின்னதாக்கிக் கீறிப் பாருங்கள். எல்லாம் அந்த வட்டத்துக்குள் இருக்கிறது.

லொக் சைடிங் முழுக் குற்றி அல்ல. முகம் உருண்டை, முதுகு தட்டை. கூரையைத் தாங்குவது சுவருக்குள்ளே நிமிர்ந்து நிற்கிற மரச்சட்டமான ஸ்ரட். பலகை அதற்கு மேலே போட்ட சட்டை. கடையில் விற்பதைச் சதுரப் பலகையிலிருந்து மோல்டர் கத்தியால் உருட்டிச் சீவி எடுக்கிறார்கள். உங்களிடம் மோல்டர் இல்லை என்று கவலைப்படவேண்டாம். மரம் ஏற்கெனவே உருண்டையாகத்தான் வளர்ந்து நிற்கிறது. குற்றியின் முதல் வெட்டில் கழருகிற புறப்பலகையை எல்லோரும் விறகுக்கு எறிவார்கள். அதைக் கொஞ்சம் தடிப்பாக எடுத்தால் அதுவே உங்கள் சைடிங்.

எவ்வளவு தடிப்பு? நுனிப் பக்கம் 10 அங்குல விட்டமுள்ள குற்றியை எடுங்கள். 2 அங்குல ஆழத்தில் வெட்டினால் முதுகு சரியாக 8 அங்குல அகலம் வரும். ஆனால் இரண்டு ஓரமும் கத்தி விளிம்பு மாதிரி ஒன்றுமில்லாமல் முடியும். அதை 7 அங்குலத்துக்கு நறுக்கினாலும் ஓரத் தடிப்பு அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடத்தான் கிடைக்கும். அதில் பொருத்து வெட்ட இடம் காணாது. இரண்டரை அங்குல ஆழத்தில் வெட்டிப் பாருங்கள்: முதுகு எட்டரை அங்குலத்தைத் தாண்டும், 7 அங்குலத்துக்கு நறுக்கினால் ஓரம் 1 அங்குலத் தடிப்பு நிற்கும். மேல் ஓரத்தில் முகப் பக்கம் பாதி, கீழ் ஓரத்தில் முதுகுப் பக்கம் பாதி என்று அரை அங்குலம் அரை அங்குலமாக எடுத்தால் மேல் பலகை கீழ்ப் பலகைக்கு முன்னால் வந்து மூடும். மழைத்தண்ணீர் வெளியே வழியும். எதிர்மாறாக வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் ஒவ்வொரு பொருத்தும் தண்ணீர் ஏந்துகிற பீலியாகிவிடும்.

16 அங்குலக் குற்றி கிடைத்தால் நல்லது என்று நினைக்கத் தோன்றும். அது சைடிங்குக்கு உதவாது. அதே இரண்டரை அங்குலம் வெட்டி 7 அங்குலத்துக்கு நறுக்கினால் முகத்தில் வளைவு முக்கால் அங்குலம் சொச்சந்தான் மிஞ்சும், தூரத்திலிருந்து பார்க்கத் தட்டைப் பலகை மாதிரியே இருக்கும். 10 அங்குலக் குற்றியில் அந்த வளைவு கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம். ஆகவே 10 முதல் 12 அங்குல மரங்களைச் சைடிங்குக்கு எடுங்கள். பெரிய மரங்களைத் தளப்பலகைக்கு விடுங்கள், அல்லது நிற்கவே விடுங்கள். வெள்ளைப் பைன் ஒன்ராறியோவின் மாகாண மரம், 1984இல் அறிவித்தார்கள். உங்கள் காணியில் இரண்டு பேர் கைகோத்துக் கட்டிப்பிடிக்கிற மரம் இருந்தால் அதில் வாள் வைக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி வெட்டுகிற விதம். எந்தக் குற்றியும் அடி பெருத்து நுனி சிறுத்துத்தான் இருக்கும். 10 அடிக்கு ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் வித்தியாசம் வரும். சாதாரணப் பலகைக்குக் குற்றியின் நடுவை மட்டம் பார்ப்போம். சைடிங்குக்கு அது பிழை. மேல் முகத்தை மட்டம் பாருங்கள். சிறுத்த நுனியின் கீழே ஆப்பு வைத்து உயர்த்தி, மேல் முகம் இரண்டு முனையிலும் பிளேட்டிலிருந்து ஒரே தூரத்தில் நிற்கும்படி செய்து வெட்டுங்கள். அப்போதுதான் பலகை ஒரு முனையில் தடிப்பாகவும் மறுமுனையில் மெல்லிசாகவும் வராது. பிறகு குற்றியை அரைவட்டம் புரட்டித் தட்டை முகத்தைக் கீழே போடுங்கள். இப்போது முழுச் சரிவும் மேலே வந்து நிற்கும். மறுபடி நுனியை உயர்த்தி இரண்டாவது பலகையை எடுங்கள். நடுவில் ஆப்பு வடிவத்தில் ஒரு கட்டை மிஞ்சும். நுனிக்குக் கீழே வைத்த ஆப்பை எடுத்துவிட்டு அரிந்தால், சிறுத்த முனையில் 5 அங்குலம் இருக்கிற இடத்தில் ஒன்றரை அங்குலப் பலகை மூன்று மட்டுமட்டாக வரும். சரிவெல்லாம் ஒரு துண்டில் கழிந்துபோகும்.

மூன்று பலகை வருவதற்குக் காரணம் பிளேட்டின் மெல்லிசுதான். வட்டவாள் ஒவ்வொரு வெட்டுக்கும் கால் அங்குலத்தைத் தூளாக்கும். நாடா பிளேட் பத்தில் ஓர் அங்குலம்கூட எடுக்காது. 1982இல் இந்தியானாபொலிஸில் உட்மைசர் நிறுவனம் தொடங்கி, மெல்லிய நாடா பிளேட் போட்ட மில்லைச் சில்லில் ஏற்றி விற்றபோது, மரம் மில்லுக்குப் போன காலம் மாறி மில் மரத்தடிக்கு வந்தது. சுன்னாகத்தில் அப்பாவின் மரக்காலையில் இரண்டு பேர் ஆள்வாள் இழுத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். மேலே நிற்பவருக்குக் கோடு தெரியும், கீழே நிற்பவருக்கு அரிதூள் மட்டும் கண்ணில் விழும். ஒரு வேப்பங்குற்றி முடிய ஒரு பகல் போய்விடும். உங்கள் மச்சானின் மில் அதே வேலையை ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் முடித்துவிடும்.

கணக்குக்கு வருவோம். சுற்றளவு 72 அடி, சுவர் உயரம் 8 அடி, ஆக 576 சதுர அடி. கூரை 12க்கு 8 சரிவு, அதாவது 12 அங்குலம் உள்ளே போக 8 அங்குலம் ஏறுவது, என்றால் இரண்டு முகட்டு முக்கோணமும் சேர்ந்து 85. கதவு யன்னலுக்கு 80 கழித்தால் ஏறக்குறைய 580. 7 அங்குலப் பலகையில் பொருத்துப் போக வெளியே தெரிவது ஆறரை அங்குலம். அப்படியானால் 1,070 அடி நீளம், கழிவுக்கு நூற்றுக்குப் பதினைந்து சேர்த்தால் 1,230 அடி. 10 அடிப் பலகையாக 123. குற்றிக்கு இரண்டு என்றால் 62 குற்றி. 65 என்று வையுங்கள். ஒரு மரத்தில் இரண்டு, மூன்று குற்றி எடுக்கலாம். 25, 30 மரம் போதும்.

ஓரம் நறுக்கும்போது பலகைகளை ஒவ்வொன்றாக வைத்து மினைக்கெட வேண்டாம். ஐந்தாறு பலகையை மில்லில் சேர்த்து நிமிர்த்தி இறுக்கி ஒரே ஓட்டத்தில் நறுக்குங்கள், புரட்டி மறு ஓரத்தையும் எடுங்கள். பச்சையில் ஏழரை அங்குலமாக விடுங்கள், 7 அல்ல. ஏன் என்பது மூன்றாவது கேள்வியில் வருகிறது.

வேலியோரத்து மரத்தை அரிகிறீர்கள் என்றால் முதலில் உலோகம் காட்டுகிற கருவியால் தடவிப் பாருங்கள். பழைய முள்ளுக்கம்பி மரத்துக்குள் போய் மூடியிருக்கும். ஓடுகிற பிளேட் அதில் பட்டால் அறுந்து சுழலும். மில் ஓடும்போது பிளேட் ஓடுகிற கோட்டில் ஒருவரும் நிற்கக்கூடாது, பிள்ளைகள் கிட்டவே வரக்கூடாது.

அண்ணா, போன ஓகஸ்ட்டில் பைன் மரம் பதினைந்தைத் தறித்துப் பட்டையோடு அடுக்கி வைத்தோம். இப்போது குவியலுக்குக் கிட்டப் போனால் 'கறுக் கறுக்' என்று சத்தம் கேட்கிறது. பட்டைக்குக் கீழே நீலம் பூத்திருக்கிறது. குற்றி பழுதா?
– பீற்றர்பரோ வாசகி

அந்தச் சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன் தங்கச்சி. இரவு காற்றில்லாத நேரம் பத்தடி தள்ளி நின்றாலே கேட்கும். பைன் சோயர் என்கிற நீளக்கொம்பு வண்டின் புழு அது. கோடையில் புதிதாக விழுந்த பைனைத் தேடி வந்து பட்டையில் முட்டையிடும். புழு முதலில் பட்டைக்குக் கீழே தின்னும், பிறகு மரத்துக்குள் இறங்கும். பட்டையை ஒரு சாண் உரித்துப் பாருங்கள். தும்பு தும்பாகச் சிராய் கிடக்கும். அதற்குக் கீழே முட்டை வடிவத்தில் ஓட்டை இருந்தால் புழு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

இன்றே உரியுங்கள். உரித்து இந்த வாரமே அரியுங்கள். ஓட்டை எத்தனை அங்குலம் போயிருக்கிறது என்பது அரிந்தால்தான் தெரியும். சைடிங்குக்கு முகத்தில் ஓட்டை விழுந்த பலகை ஆகாது. அதை ஒதுக்கிவிட்டு நடுக்கட்டையைக் காப்பாற்றலாம்.

நீலம் வேறு விஷயம். அது வெளிற்றில், அதாவது மரத்தின் வெளிச்சுற்றில், வளருகிற பூஞ்சணம். மரத்தின் பலத்தை அது பெரிதாகக் குறைப்பதில்லை, நிறத்தை மட்டும் கெடுக்கும். கடும் பழுப்பு ஸ்ரெயின் (மரச்சாயம்) பூசுவதானால் தெரியவும் தெரியாது. ஆனால் அந்த மரம் ஈரமாகவும் சூடாகவும் கிடந்தது என்பதற்கு நீலம் ஒரு சாட்சி. அழுகலுக்கும் அதே ஈரமும் சூடும்தான் வேண்டும்.

அடுத்த முறை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் தறியுங்கள். வண்டும் இல்லை, பூஞ்சணமும் வளராது, பனியில் குற்றி இழுக்கச் சுகம், மண் ஒட்டாததால் பிளேட்டும் கெதியில் மழுங்காது. ஜூனுக்கு முன் அரிந்து முடியுங்கள். குற்றி உறைந்திருந்தால் 10 பாகைப் பல் போட்ட பிளேட் அலை அலையாக ஓடும். 4 பாகைப் பிளேட் போடுங்கள், பிளேட்டில் சொட்டவிடுகிற தண்ணீருக்குப் பதிலாக உறையாத வாஷர் திரவத்தை விடுங்கள். பட்டை உரிப்பது மட்டும் குளிர்காலத்தில் பாடுதான். சாறு ஏறுகிற மே மாதத்தில் வாழைப்பட்டை மாதிரிக் கழன்று வரும்.

கபினுக்கு நாங்களே அரிந்த லொக் சைடிங் அடித்து எட்டு மாதம். பலகைகளுக்கு இடையில் வெளிச்சம் தெரிகிறது, சில நடுவால் வெடித்தும் விட்டன. மரம் கூடாததா, ஆணி கூடாததா?
– மார்க்கம் வாசகர்

இரண்டும் இல்லை. அடித்த நேரம் கூடாது. இதை நான் நிச்சயமாகச் சொல்வதற்குக் காரணம், இதே பிழையை நானே செய்திருக்கிறேன்.

கனடா வந்து மில் வாங்கிய முதல் கோடையில் தச்சு ஆயுதங்கள் வைக்கிற என் கொட்டிலுக்கு 8 அங்குலப் பைன் பலகை அரிந்தேன். ஜூலையில் அரிந்தேன், இரண்டு கிழமைக்குள் அடித்தேன். அசையக்கூடாது என்று ஒவ்வொரு ஸ்ரட்டிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆணி. அடித்த அன்று ஒரு தாள்கூடப் பொருத்துக்குள் நுழையாது. பெப்ரவரியில் ஒரு நாள் காலையில் கொட்டிலுக்குள் நின்றபோது சுவரில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. சட்டைப்பையில் இருந்த குவாட்டர் காசு நாலை அடுக்கி ஒரு இடைவெளிக்குள் தள்ளினேன். உள்ளே போனது. நாலு குவாட்டர் அடுக்கினால் கால் அங்குலம். பதினாலு பலகை இரண்டு ஆணிக்கும் நடுவில் நீளத்துக்கு வெடித்திருந்தது.

அந்தக் கால் அங்குலம் தற்செயலாக வந்ததல்ல. பச்சை மரத்தில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் ஈரம். அதிலிருந்து முற்றாகக் காயும்வரை வெள்ளைப் பைன் ஆண்டு வளையத்தின் போக்கில் நூற்றுக்கு ஆறளவில் சுருங்கும். வெளிக்காற்றில் 12 முதல் 15 வரைதான் காயும் என்பதால் பாதிச் சுருக்கம், நூற்றுக்கு மூன்று. 8 அங்குலத்துக்கு அது கால் அங்குலம். மரம் தன் கணக்கைச் சரியாகச் செய்தது. நான் இரண்டு பக்கமும் ஆணியால் பிடித்து வைத்ததால் அதற்கு வெடிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இன்னொன்றும் நடக்கும். காயும்போது வளையங்கள் நிமிரப் பார்க்கும். பட்டைப் பக்கம் வெளியே இருக்கிற பலகையில் இரண்டு ஓரமும் வெளிநோக்கி எழும்பும், தட்டையாக அரிந்த முதுகு நடுவில் புடைக்கும். எல்லோரும் முகத்தைத் தடவி அழகு பார்ப்பார்கள். நீங்கள் முதுகைப் பாருங்கள். முதுகில் நீளத்துக்கு இரண்டு காடி, மூன்றில் ஒரு பங்கு அங்குல ஆழத்தில், ரேபிள் சோவில் (மேசைவாளில்) இழுத்துவிட்டால் அந்த இழுவை குறையும். கடைப் பலகையைப் புரட்டினாலும் அந்தக் காடியைக் காண்பீர்கள்.

ஆகவே ஒழுங்கு இப்படி வரவேண்டும்: பச்சையில் ஏழரை அங்குலம்; அரிந்த அன்றே நிழலில் அடுக்கு; இடையில் முக்கால் அங்குலச் சட்டம், 16 அங்குலத்துக்கு ஒன்று, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில்; அடுக்குக்கு மேலே தகரம், பக்கங்கள் திறந்தபடி. கூடாரச் சீலையால் முழுக்க மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஓர் அங்குலப் பைன் ஒரு கோடையில் காயும். இரண்டரை அங்குலத்துக்கு ஒரு வருடம் பொறுக்கத்தான் வேண்டும். ஈரமானி வாங்குங்கள். நடுப்பலகை ஒன்றை உருவி, நுனியிலிருந்து இரண்டடி தள்ளிக் குறுக்கே வெட்டி, புது வெட்டுமுகத்தில் ஊசியைக் குத்துங்கள். வெளித்தோல் 13 காட்டும்போது உள்ளே 20 இருக்கும். உள்ளே 15க்குக் கீழே வந்தபிறகு 7 அங்குலத்துக்கு நறுக்கி, பொருத்தும் காடியும் வெட்டி, முதுகுக்கும் நுனிகளுக்கும் ஸ்ரெயின் பூசிவிட்டு அடியுங்கள்.

ஒரு பலகைக்கு ஒரு வரிசை ஆணி. கீழ் ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம் மேலே. மேல் ஓரத்தை அடுத்த பலகை மூடிப் பிடித்துக்கொள்ளும். ஆணி கீழ்ப் பலகைக்குள் போகக்கூடாது. போனால் இரண்டையும் கட்டிப்போட்டது போலாகிவிடும். அந்த இடத்தில் பலகை 2 அங்குலம், பின்னால் சிலாகை (ஒடுங்கிய மரச்சட்டம்) முக்கால், பிளைவூட் அரை, ஸ்ரட்டுக்குள் ஒன்றரை: கூட்டினால் கிட்டத்தட்ட 5 அங்குலம். துளையிட்டு ஸ்ரெயின்லெஸ் திருகாணி போடுங்கள், அல்லது சூடாக நாகம் பூசிய ஆணி. சீடர் (cedar) மரத்தில் வெறும் இரும்பாணி அடித்தால் ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் கறுப்புக் கண்ணீர் வழியும்.

சிலாகை என்று சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஹவுஸ்ராப் என்கிற தண்ணீர் தடுக்கிற தாளுக்கு மேலே முக்கால் அங்குலச் சிலாகையை ஸ்ரட்டுகளின் நேரே நிமிர்த்தி அடித்து, அதற்கு மேலேதான் சைடிங். பலகையின் முதுகுக்குப் பின்னால் காற்று ஓட இடம் இருந்தால் புகுந்த தண்ணீர் காயும். அடியில் பூச்சிவலை.

உங்கள் சுவருக்கு இப்போது செய்யக்கூடியது: நீங்களும் இரண்டு வரிசை ஆணி அடித்திருந்தால் மேல் வரிசையைக் கழற்றுங்கள். வெடித்ததை மட்டும் மாற்றுங்கள். மற்றதை ஒரு கோடை பார்த்துவிட்டு, வெளிச்சம் வருகிற பொருத்துகளுக்குப் பின்னால் மெல்லிய வரிச்சு கொடுக்கலாம். களிம்பு அடைக்க அவசரப்படவேண்டாம், அடுத்த வருடம் பிதுங்கி வந்துவிடும்.

நடுக்கட்டையில் வருகிற ஒன்றரை அங்குலப் பலகையை ஸ்ரட்டாகப் பாவிக்கலாமா? பட்டையோடு சைடிங் அடித்தால் இன்னும் வடிவாக இருக்காதா?
– பிராம்ப்ரன் வாசகர்

முதலாவதற்கு: ஒன்ராறியோ கட்டடச் சட்டம் தாங்குமரத்துக்குத் தர முத்திரை கேட்கிறது. உங்கள் மில்லில் அந்த முத்திரை இல்லை. அரிய முன் நகரசபைக் கட்டடப் பரிசோதகரிடம் கேளுங்கள். சைடிங் தாங்குமரம் அல்ல என்பதால் அதற்கு இந்தச் சிக்கல் வராது. கையில் உள்ள பலகையைச் சிலாகைக்கும் உட்சுவருக்கும் செலவழிக்கலாம்.

இரண்டாவதற்கு: வேண்டாம். தைத்த சட்டை மாதிரி ஒட்டியிருக்கிற பட்டை இரண்டு வருடத்தில் கழன்று தொங்கும், அதற்குள் தச்சன் எறும்பு குடியிருக்கும். உரித்து விடுங்கள்.

இங்கே ஊர் அனுபவத்தை அப்படியே கொண்டுவரக் கூடாது என்பதையும் சொல்லவேண்டும். பனையில் வைரம் வெளிப்பக்கம், நடு மெத்தென்ற நார். பைனில் மாறி: வெளிச்சுற்று வெளிறு, உள்ளேதான் வைரம். நாம் எடுக்கிற உருண்டை முகம் முழுக்க வெளிறு. நனைந்து நனைந்து கிடந்தால் அழுகுகிற பகுதி அதுதான். அதனால் கூரையை இரண்டடி வெளியே நீட்டுங்கள். நிலத்திலிருந்து முதல் பலகை 200 மில்லிமீற்றராவது, அதாவது 8 அங்குலம், மேலே நிற்கவேண்டும். கட்டடச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. மினுங்குகிற வார்னிஷ் வேண்டாம், அது தோல் மாதிரி உரியும், உரிந்த இடத்தில் தண்ணீர் பூந்து நிற்கும். மரத்துக்குள் ஊறுகிற எண்ணெய் ஸ்ரெயின் பூசுங்கள். தெற்குச் சுவரும் மேற்குச் சுவரும் முதலில் வெளிறும், அவற்றுக்கு முதலில் மறுபூச்சு.

வெள்ளைச் சீடர் நிற்கிற காணி என்றால் கீழ் மூன்று வரிசையை அதில் அரியுங்கள். சுருக்கமும் குறைவு, வைரமும் அழுகலைத் தாங்கும். என் கொட்டிலை மறுபடி அடித்தபோது அப்படித்தான் செய்தேன். கீழே சீடர், மேலே ஒரு வருடம் காய்ந்த பைன், ஒற்றை வரிசைத் திருகாணி. இந்தப் பெப்ரவரியிலும் காசை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு குவாட்டர்கூட நுழையவில்லை.